ஒன்றுக்கு நாற்பத்துமூன்று

சுங்க மேசைக்காரர் பொதியைக் காதருகே வைத்து உலுக்கினார்.
உள்ளே ஏதோ உருண்டது.
"மோட்டார் வாகனம்னு எழுதியிருக்கே, மிஸ்.
வாகன இறக்குமதிக்குத் தடை, தெரியாதா?"

தெரியும் என்றேன். வெட்டித் திறந்தார்.
அவர் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கொர்ட்டினா,
இடுப்பில் பச்சைக் கோடு,
கதவில் வட்டம், வட்டத்துக்குள் பதினேழு.
உருண்டது இடப்பக்க முன்சக்கரத்தின் பாதி.
மற்றப் பாதி பெல்ஜியத்திலோ கடலிலோ.
பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.
மிச்ச மூன்று சக்கரத்தில் படிவத்தின் மேல் ஓட்டினார்,
வாய்க்குள்ளேயே எஞ்சினை உறுமவிட்டு.
அப்புறம் முத்திரை குத்தினார்.

கேட்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன்:
இவை ஊசி மூக்குப் பந்தயக் கார்கள் இல்லை.
தபாலதிபர் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்த கார்,
கல்யாணத்துக்கு வாடகை பேசிய கார்.
எவனோ ஒருவன் அதில் எண்ணை ஒட்டி,
வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து,
வளைவில் சாய்த்துக் கூச்சலிட வைத்தான்.
அவ்வளவுதான்.
கேட்பவர்கள் அதற்குள் பல்வலிக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஹட்டனில் நான் பொய்ப்பல் கட்டுகிறவள்.
அலமாரியின் மேல்தட்டில் முப்பத்தொரு கார்கள்:
மினி மூன்று, அல்ஃபா, எஸ்கோர்ட், கப்ரி,
செங்கல்லில் சக்கரம் பூட்டியதுபோல் ஒரு வொல்வோ.
கீழ்த்தட்டில் சாந்தில் வார்த்த தாடைகள்,
ஊரின் பாதி வாய்.
டொக்டர் யாப்பா இரண்டு தட்டையும் மாறிமாறிப் பார்த்து
"எது முதலில் ஓடும்?" என்பார்.

ஜூலையில் மூட்டம் சாவித்துவாரத்தால் வருகிறது.
மாத்திரைப் போத்தல்களின் உலர்பொட்டலங்களைச்
சேர்த்து அடுக்குகிறேன், போதவில்லை.
மினியின் கதவிலிருந்த பதினொன்றில்
ஓர் ஒன்று உரிந்து விழுந்துவிட்டது.
முதலிடம் வந்ததாக வைத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டிருக்கிறேன்.
இந்த அளவில் சிவனொளிபாதம் ஐம்பத்திரண்டு மீட்டர்,
செருப்போடு ஏறி மூச்சு வாங்காமல் இறங்கலாம்.
நான் மூன்றரை சென்டிமீட்டர்.
தூறல் மட்டும் சுருங்க மறுக்கிறது:
ஜன்னலால் ஒரு துளி தெறித்தால்
பொனட் முழுக்க வெள்ளம்.

சக்கரத்தை நானே வார்த்தேன்.
ஈறுக்கு ஊற்றும் ரோஸ் அக்ரிலிக்,
மேலே இரண்டு பூச்சுக் கறுப்பு.
பூட்டிப் பார்த்தால் தரையைத் தொடவில்லை.
இரண்டு மில்லிமீட்டர் அந்தரம்.
மூன்று இரவுகள் அச்சைச் சூடாக்கி வளைத்தேன்,
அது பிடிவாதமாக மேலேயே நின்றது.

பிறகுதான் ஒரு பழைய படத்தைப் பார்த்தேன்:
இடப்பக்கம் ஒடிக்கும்போது
அசல் கொர்ட்டினாவும் அப்படித்தான்,
உள்பக்க முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு
மூன்றில் ஓடுகிறது.
கருவிகளைக் கழுவி வைத்துவிட்டேன்.

முன்பல் இரண்டுக்கு அளவு கொடுக்க வந்த
ஓட்டோ செபமாலை
வாய் நிறைய மெழுகோடு அதைச் சுட்டிக் காட்டினார்.
மெழுகை எடுத்ததும் சொன்னார்:
"மூணு சக்கரமா? அப்போ நம்ம ஆளு."
ஒவ்வொரு சொல்லிலும் காற்று விசிலடித்தது.

அன்று கடை அடைத்த பிறகு
பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன்.
பின்சீட் இல்லை.
வெறும் தகரத் தரை, குறுக்கே ஒரு கம்பி.
எடை குறைக்கக் கழற்றுவார்களாம்.

நான் ஐந்தரை இறாத்தல்.
நோர்வூட்டுக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் நடுவே
வாடகைக் கொர்ட்டினாவின் பின்சீட்டில்,
ஆஸ்பத்திரி வரும்வரை பொறுக்காமல்.
சாரதி பியதிலக்க திரும்பிப் பார்க்கவில்லை,
வேகத்தையும் குறைக்கவில்லை.

எந்த வளைவு என்று கேட்டால்
அம்மாவுக்கு ஒன்றுதான் ஞாபகம்.
இடப்பக்கம் ஒடித்தானாம்.